ஒரே வயிறு, இரண்டு ரிப்போர்ட்டு

கம்பத்திலிருந்து 41 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

"டாக்டரம்மா, எங்களுக்கு அணக்கரைப் பக்கம் இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. வேலையாட்களோடு நானும் காலை ஆறு மணி ஜீப்பில் மேலே போய்விடுவேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து நாலு நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்தேன். அது நின்றுவிட்டது. வயிறு மட்டும் பழைய நிலைக்கு வரவே இல்லை. நாலு வாய் சாப்பிட்டதும் கழுத்து வரைக்கும் நிறைந்த மாதிரி ஆகிவிடுகிறது. மத்தியானம் சாப்பிட்டது இருட்டுகிற வரை கல்லாகக் கிடக்கிறது. குமட்டல், ஏப்பம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோட்டயத்தில் எண்டாஸ்கோப்பி பார்த்து ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மதுரையில் இட்லியில் மருந்து கலந்து கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். நாலு மணி நேரம் கழித்தும் 18 சதவீதம் வயிற்றிலேயே இருக்கிறது, இது கேஸ்ட்ரோபரேசிஸ், அதாவது வயிறு மெதுவாகக் காலியாகும் நோய் என்றார்கள். ஒரு மாதத்துக்கு கேஸ் மாத்திரை எழுதினார்கள். அதை இன்று வரை நானே வாங்கிப் போட்டு வருகிறேன். இந்த வருஷம் எர்ணாகுளத்தில் தம்பி வீட்டில் தங்கி அதே டெஸ்ட்டை எடுத்தேன். இந்த முறை முட்டையும் ரொட்டியும். 7 சதவீதம்தான், நார்மல், இது ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா, அதாவது சோதனையில் காரணம் தெரியாத செரியாமை என்று எழுதிவிட்டார்கள். 'ரெண்டு பேர்ல எவனோ ஒருத்தன் ஏமாத்திட்டான்' என்கிறார் வீட்டுக்காரர். எர்ணாகுளத்தில் எழுதிய அமிட்ரிப்டிலின் மாத்திரை மனநோய்க்கானது என்று மெடிக்கல் கடையில் சொன்னதால் அதை நான் தொடவில்லை. ஒரு வருஷத்தில் எடை 54-லிருந்து 50 ஆகிவிட்டது. 'உனக்கு யாரோ சோத்துல மருந்து வச்சுட்டாங்க, சேர்த்தலைப் பக்கம் கோயிலுக்குப் போய் எடுத்துட்டு வந்துரலாம்' என்கிறார் மாமியார். எனக்கு என்ன நோய்தான்? இது புற்றுநோயில் கொண்டு விடுமா?"

கடிதத்தின் அடியில், வேறு மையில், இன்னும் இரண்டு வரி: "நாலு மாதமாகத் தலைக்கு ஊற்றவில்லை. மார்பில் பால் மாதிரி கசிகிறது. வலது கை லேசாக நடுங்குகிறது. இதற்கும் வயிற்றுக்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்."

அன்புள்ள தங்கச்சிக்கு,

அந்தக் கடைசி இரண்டு வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். சம்பந்தம் இருக்கிறது.

நீங்கள் படம் எடுத்து அனுப்பிய கேஸ் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு பெயர் இருக்கிறது. ரபெப்ரசோல் 20 மில்லிகிராம், லெவோசல்பிரைடு 75 மில்லிகிராம். முதலாவது அமிலத்தைக் குறைப்பது. இரண்டாவது, வயிறு உணவைக் கீழே தள்ளட்டும் என்று சேர்த்தது. அது நரம்புகள் செய்தி சொல்லப் பயன்படுத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையைத் தடுத்துத்தான் இதைச் செய்கிறது. ஆனால் டோபமைனுக்கு உடம்பில் வேறு வேலைகளும் உண்டு. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினை அளவுக்கு மேல் விட்டுவிடாமல் பிடித்து வைப்பது டோபமைன்தான். அந்தப் பிடி தளர்ந்தால் கைக்குழந்தை இல்லாதவர்களுக்கும் பால் கசியும், மாதவிடாய் நின்றுபோகும். கை கால் அசைவு பிசிறில்லாமல் இருப்பதும் டோபமைனால்தான். அது தடைபட்டால் பார்க்கின்சன் நோயைப் போலவே நடுக்கம் வரும், உடம்பு விறைக்கும். ஒரு மாதத்துக்கு எழுதிய மருந்தை ஒன்றரை வருஷம் போட்டிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் அட்டையைக் காட்டினால் சீட்டுக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். "கேஸ் மாத்திரை" என்ற பெயரைக் கேட்டால் யாருக்கும் பயம் வராது.

எங்கள் பெரியப்பா இப்படித்தான் ஒரு வருஷம் பார்க்கின்சன் மருந்து சாப்பிட்டார். கை நடுங்குகிறது என்று போனவருக்கு, வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் கேஸ் மாத்திரையை ஒரு மருந்தாகவே எண்ணவில்லை. நான் லீவில் ஊருக்குப் போனபோது அவருடைய வெற்றிலைப் பைக்குள் இதே மாதிரி ஓர் அட்டையைப் பார்த்தேன். நிறுத்தி மூன்று மாதத்தில் காபி டம்ளரை ஒரு கையில் பிடித்தார். எல்லோருக்கும் இவ்வளவு சுலபமாகச் சரியாகிவிடுவதில்லை. சிலருக்கு நடுக்கம் நெடுநாள் தங்கிவிடும். அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் போய் லெவோசல்பிரைடை நிறுத்துங்கள். அடுத்த அட்டை வாங்க வேண்டாம். மாதவிடாய் நின்றிருப்பதால் முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகு ரத்தத்தில் புரோலாக்டின், தைராய்டு. மருந்தை நிறுத்திய பிறகும் புரோலாக்டின் இறங்கவில்லை என்றால் பிட்யூட்டரியை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். லெவோசல்பிரைடுக்குப் பதிலாக மெட்டோகுளோபிரமைடு தருகிறேன் என்று யாராவது சொன்னால், நடந்ததைச் சொல்லி மறுத்துவிடுங்கள். அதுவும் டோபமைனைத் தடுப்பதுதான். 12 வாரத்துக்கு மேல் தரக்கூடாது என்று அமெரிக்காவில் 2009-லேயே அந்த மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை போட்டார்கள். இதே வகை மருந்தான டோம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் போகாது, நடுக்கம் அரிது. ஆனால் புரோலாக்டினை அதுவும் ஏற்றும், இதயத் துடிப்பின் ஒழுங்கையும் சிலருக்குக் கெடுக்கும். ஐரோப்பாவில் 2014-லிருந்து பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். அதுவும் இப்போது உங்களுக்கு வேண்டாம்.

இனி, உங்கள் வீட்டுக்காரரின் கேள்வி. இரண்டு பேரில் யார் ஏமாற்றியது? யாரும் ஏமாற்றவில்லை. அவரிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

நாம் விழுங்கிய சோறு வயிற்றுக்குள் போனதும் இரண்டு வேலை நடக்கிறது. மேல்பாதி நெகிழ்ந்து இடம் கொடுக்க வேண்டும். கீழ்பாதி ஆட்டுக்கல் போல அரைக்க வேண்டும். நிமிஷத்துக்கு மூன்று அலை வீதம் அரைத்து, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு நைசான பிறகுதான் வாசல் வழியாகச் சிறுகுடலுக்கு விடும். அந்த மூன்று அலைத் தாளத்தைப் போடுகிற செல்களுக்குக் கஹால் செல்கள் என்று பெயர், ஸ்பெயின் நாட்டு மேதை சாந்தியாகோ ராமோன் இ கஹாலின் நினைவாக. மேல்பாதி இடம் கொடுக்காவிட்டால் நாலு வாயிலேயே வயிறு நிறைந்துவிடும். கீழ்பாதி சோம்பினால் மத்தியானச் சோறு சாயங்காலம் வரை கிடக்கும். இரண்டும் ஒழுங்காக நடந்தாலும், வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்புகள் கூருணர்ச்சி அடைந்திருந்தால், மற்றவர்களுக்குத் தெரியாத சாதாரண நிறைவுகூட உங்களுக்குத் தாங்க முடியாத பாரமாகத் தெரியும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் யான் டாக்கின் குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வில், ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா உள்ளவர்களில் 40 சதவீதம் பேருக்கு மேல்பாதி சரியாக நெகிழவில்லை. அதே நோயாளிகளில் கால்வாசிப் பேரிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் வயிறு காலியாவதும் தாமதமாகிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா என்று பெயர் எழுதியவர்களிலேயே இத்தனை பேருக்குத் தாமதம் இருக்கிறது என்றால், இரண்டு நோய்க்கும் நடுவே போட்ட கோடு எவ்வளவு மங்கல் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் கோட்டை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2021-ல் வந்தது. பங்கஜ் பஸ்ரிசாவின் தலைமையில், அமெரிக்காவின் பல பெரிய மருத்துவமனைகள் 12 ஆண்டுகளாக 944 நோயாளிகளைச் சேர்த்தன. ஸ்கேன்படி 720 பேருக்கு கேஸ்ட்ரோபரேசிஸ், 224 பேருக்கு ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா. 48 வாரம் கழித்து அதே ஸ்கேனை மறுபடி எடுத்தார்கள். முதல் கூட்டத்தில் 42 சதவீதம் பேருக்கு வயிறு நார்மலாகக் காலியானது. அதாவது அவர்கள் ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா ஆகிவிட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில் 37 சதவீதம் பேருக்கு இப்போது தாமதம் வந்திருந்தது. அவர்கள் கேஸ்ட்ரோபரேசிஸ் ஆகிவிட்டார்கள். பெயர் மாறியதால் யாருடைய தொல்லையும் அதற்கேற்பக் கூடவோ குறையவோ இல்லை. வயிற்றுச் சுவரின் முழு ஆழத்துக்கு எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு வகையிலும் கஹால் செல்கள் குறைந்திருந்தன. நீங்கள் மதுரையிலும் எர்ணாகுளத்திலும் கண்டதை அந்த 944 பேரில் பலர் கண்டிருக்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னும் இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, சாப்பாடு. உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அளவுகோல் முட்டை வெள்ளைக்கரு, இரண்டு துண்டு ரொட்டி, கொஞ்சம் ஜாம், 120 மில்லி தண்ணீர், மொத்தம் 255 கலோரி. இரண்டு மணி நேரத்தில் 60 சதவீதத்துக்கு மேலோ, நாலு மணி நேரத்தில் 10 சதவீதத்துக்கு மேலோ தங்கினால் தாமதம் என்பது அந்தச் சாப்பாட்டுக்கு வைத்த கணக்கு. இட்லிக்கு இட்லியின் கணக்கு வேண்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்காக இட்லி கொடுப்பது நல்ல ஏற்பாடுதான், தப்பில்லை. ஆனால் ஒரு படியில் அளந்ததை இன்னொரு படியின் அளவோடு ஒப்பிட முடியாது. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. எர்ணாகுளத்தில் டெஸ்ட் எடுத்த அன்று நீங்கள் லெவோசல்பிரைடு போட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள். வயிற்றைத் தள்ளும் மருந்துகளை டெஸ்ட்டுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக நிறுத்த வேண்டும். 7 சதவீதம் உங்கள் வயிற்றின் கணக்கா, மாத்திரையின் கணக்கா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது.

அதற்காக மூன்றாவது முறை டெஸ்ட் எடுக்க வேண்டுமா? வேண்டாம் என்பது என் கருத்து. 18 சதவீதம் என்பது உண்மையாகவே இருந்தாலும் லேசான தாமதம்தான். 11 முதல் 20 வரை லேசு என்றுதான் அந்த அளவுகோலும் வகைப்படுத்துகிறது. முந்தின நாள் சாப்பிட்டதை மறுநாள் காலையில் அப்படியே வாந்தி எடுப்பவருக்கும், 20 வருஷச் சர்க்கரை நோயாளிக்கும் அந்த எண் பெரிய உதவி. உங்களுக்குச் சிகிச்சை முடிவு எதுவும் அதனால் மாறப்போவதில்லை. அந்தப் பணத்தை வேறு இரண்டு சோதனைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன். பின்னால் வருகிறேன்.

"எனக்கு என்ன நோய்தான்?" என்று கேட்டீர்கள். நான் எழுதிக் கொடுப்பதானால் ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா, சாப்பாட்டுக்குப் பின் தொல்லை தரும் வகை, கூடவே லேசான தாமதம் இருக்கலாம் என்று எழுதுவேன். வயிற்று நிபுணர்கள் 2016-ல் வகுத்த ரோம் அளவுகோல்படி, ஆறு மாதத்துக்கு முன் தொடங்கி, கடைசி மூன்று மாதமும் வாரத்தில் மூன்று நாளாவது இந்த நிறைவுத் தொல்லை இருந்து, அதற்குக் காரணமாக எண்டாஸ்கோப்பியில் எதுவும் தென்படவில்லை என்றால் அதுதான் பெயர். "ஒன்றுமில்லை" என்று கோட்டயத்தில் சொன்னதற்கு, குழாயின் கண்ணுக்குப் புண்ணோ கட்டியோ தெரியவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். குழாய் வயிற்றின் உள்தோலைத்தான் பார்க்கும். தாளத்தையும் நெகிழ்ச்சியையும் நரம்பையும் அது பார்க்காது.

மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அவர் ஒன்றைச் சரியாகக் கவனித்திருக்கிறார். எல்லாம் அந்தக் கல்யாணச் சாப்பாட்டில்தான் ஆரம்பித்தது. மூன்று வருஷமாக நீங்கள் பார்த்த மருத்துவர்கள் யாரும் இதைக் கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கிருமி கலந்த உணவால் வாந்தி பேதி வந்து, அது நின்ற பிறகும் வயிறு சீர்கெட்டே இருப்பது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஸ்பெயினில் 2002-ல் சால்மோனெல்லா கிருமி பரவி ஓர் ஊரே படுத்தது. ஒரு வருஷம் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது ஏழு பேரில் ஒருவருக்குச் செரியாமை நிலைத்திருந்தது. கிருமி போனாலும் சிறுகுடலின் முதல் பகுதியில் நுண்ணிய அழற்சி ஒன்று தங்கிவிடுகிறது. ஆஸ்திரேலியாவின் நிக்கோலஸ் டேலியும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2007-ல் அந்த இடத்தில் இயோசினோபில் என்ற வெள்ளை ரத்த அணுக்கள் கூடியிருப்பதைக் காட்டினார்கள். அந்த இடத்தில் எரிச்சல் இருந்தால் அது வயிற்றை நெகிழவிடாமலும் காலியாகவிடாமலும் பிடித்து வைக்கிறது. ஆகவே உங்கள் சாப்பாட்டில் யாரும் எதையும் வைக்கவில்லை. பந்தியில் பரிமாறியதில் ஒரு கிருமி இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இதைக் கேட்டால் சொந்தத்துக்குள் யார்மீதோ இருக்கும் சந்தேகமும் தீரும் என்று நம்புகிறேன்.

கோயிலுக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போய்க் கும்பிட்டு வாருங்கள். ஆனால் 'மருந்தை எடுக்க' என்று சொல்லி வாந்தி எடுக்க வைக்கும் எதையும் குடிக்காதீர்கள். ஏற்கெனவே நாலு கிலோ இழந்த உடம்பு அது. தொக்கம் எடுப்பவரிடமும் போக வேண்டாம். உங்கள் வயிற்றில் எதுவும் சிக்கிக்கொண்டு இல்லை. எண்டாஸ்கோப்பி குழாய் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

அந்த "மனநோய் மாத்திரை" பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இதை நான் வாரத்துக்கு ஒருமுறையாவது என் அறையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அமிட்ரிப்டிலின் பழைய காலத்து மனச்சோர்வு மருந்துதான், மறைக்கவில்லை. ஆனால் வயிற்றுக்கு ஏன் தருகிறார்கள் என்பதற்கு 2015-ல் வெளியான ஓர் ஆய்வு நல்ல பதில். வட அமெரிக்காவில் எட்டு மையங்களில், ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா உள்ள 292 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பங்குக்கு அமிட்ரிப்டிலின், இன்னொரு பங்குக்கு எஸ்சிட்டலோபிராம், மூன்றாவது பங்குக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. எஸ்சிட்டலோபிராம் மனச்சோர்வுக்கு இன்று பரவலாகத் தரும் மருந்து. 12 வாரத்தில் போதுமான நிவாரணம் கிடைத்ததாகச் சொன்னவர்கள்: வெற்று மாத்திரையில் 40 சதவீதம், எஸ்சிட்டலோபிராமில் 38, அமிட்ரிப்டிலினில் 53. மனதைச் சரிசெய்துதான் வயிறு சரியாகிறது என்றால் எஸ்சிட்டலோபிராமும் ஜெயித்திருக்க வேண்டும். அது வெற்று மாத்திரையைக்கூடத் தாண்டவில்லை. அமிட்ரிப்டிலின் வயிற்றிலிருந்து மேலே போகும் வலிச் செய்தியின் சத்தத்தைக் குறைக்கிறது. அதனால்தான் வயிற்றுக்கு 10 மில்லிகிராமில், ராத்திரியில் தொடங்குகிறோம்.

ஆனால் உங்களுக்கு அதுதான் சரியான மாத்திரையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதே ஆய்வில் பலன் பார்த்தவர்கள் பெரும்பாலும் மேல்வயிற்றில் வலி உள்ளவர்கள். வயிறு காலியாவதில் தாமதம் உள்ளவர்களுக்குப் பலன் குறைவு. கேஸ்ட்ரோபரேசிஸ் உள்ள 130 பேருக்கு அதன் தம்பி போன்ற நார்ட்ரிப்டிலினைக் கொடுத்துப் பார்த்த 2013 ஆய்வில் வெற்று மாத்திரையைவிட ஒன்றும் மேலாக இல்லை. உங்கள் கடிதத்தில் வலி என்ற சொல்லே வரவில்லை. நிறைவும் குமட்டலும் எடை இறக்கமும்தான் வருகின்றன. அதற்கு இன்னொரு மனச்சோர்வு மருந்தான மிர்ட்டாசபின் பொருந்தும் என்று தோன்றுகிறது. எடை குறைந்த ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா நோயாளிகள் 34 பேருக்கு யான் டாக் குழு அதைக் கொடுத்தபோது சீக்கிரம் நிறையும் தொல்லை குறைந்தது, எடையும் ஏறியது. சிறிய ஆய்வுதான். அதற்கு முன், பகலில் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் அகோட்டியமைடை முயன்று பார்க்கச் சொல்வேன். ஜப்பானில் 2013 முதல் இந்த நோய்க்கென்றே விற்பனையில் இருக்கிறது, நம் ஊரிலும் கிடைக்கிறது. அது டோபமைனைத் தொடுவதில்லை. பால் கசிவும் நடுக்கமும் வந்த உங்களுக்கு இது பெரிய விஷயம். இவற்றையெல்லாம் நீங்களே கடையில் வாங்கிவிடாதீர்கள். இந்தப் பத்தியை உங்கள் மருத்துவரிடம் காட்டிப் பேசுங்கள், உங்களை நேரில் பார்ப்பவர் அவர்தான்.

ரபெப்ரசோலை மட்டும் தனியாக இரண்டு வாரம் தொடர்ந்து, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாளாகக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் அமிலம் எகிறி நெஞ்சு கரிக்கும், நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிடுவீர்கள்.

புற்றுநோய் பயத்துக்கு: ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா புற்றுநோயாக மாறாது. ஆனால் நாலு கிலோ குறைந்தது எண்டாஸ்கோப்பிக்குப் பிறகு என்பதால் நான் அதைச் சும்மா விடமாட்டேன். சாப்பாடு குறைந்ததால் குறைந்தது என்பதுதான் அதிக வாய்ப்பு. இருந்தாலும் இன்னொரு முறை எண்டாஸ்கோப்பி பார்ப்பது நியாயம். நான் சொன்ன இரண்டு சோதனையில் இது ஒன்று. இந்த முறை வயிற்றிலிருந்தும் சிறுகுடலின் முதல் பகுதியிலிருந்தும் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியையும் பார்க்கச் சொல்லுங்கள். பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-ல் நோபல் பரிசு வாங்கியது அந்தக் கிருமிக்காகத்தான். அந்தக் கிருமி இருந்தால் 14 நாள் மருந்தில் ஒழிக்கலாம். ஏறக்குறைய 14 பேருக்கு அந்த மருந்தைக் கொடுத்தால் கூடுதலாக ஒருவருக்குச் செரியாமை தீர்கிறது, அதுவும் மெல்ல, ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். சின்னப் பலன்தான். ஆனால் அல்சரையும் வயிற்றுப் புற்றுநோயையும் தடுப்பதால் விட்டுவிடக் கூடாது. சோதனைக்கு இரண்டு வாரம் முன்பு ரபெப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும். இன்னொன்று ரத்தம்: ஹீமோகுளோபின், சர்க்கரை, மேலே சொன்ன தைராய்டு. ரத்தச் சர்க்கரை ஏறியிருந்தாலே வயிறு மெதுவாகும். கறுப்பாக மலம் போனாலோ, வாந்தியில் ரத்தம் வந்தாலோ, சோறு தொண்டையில் இறங்காமல் நின்றாலோ தேதி பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கிளம்ப வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஆறு மணி ஜீப் என்று எழுதியதுமே உங்கள் நாள் எனக்குத் தெரிந்துவிட்டது. நானும் உத்தமபாளையத்துக்காரிதான். மெட்டில் இறங்கி ஒரு கட்டன் சாயா. பத்து மணிக்குத் தூக்குவாளியில் கொண்டுபோன சோறும் ஊறுகாயும், இல்லாவிட்டால் கப்பையும் மீன் குழம்பும். உடனே செடியடியில் குத்துக்கால் போட்டுக் காய் எடுப்பு. ஏலக்காய் தரையோடு தரையாகக் காய்ப்பதால் நிறைந்த வயிற்றை மடியில் அமுக்கிக்கொண்டே மணிக்கணக்கில் இருக்கிறீர்கள். இடம் கொடுக்க மறுக்கிற வயிற்றுக்கு இதைவிடக் கஷ்டம் வேறில்லை. சாப்பிட்ட முக்கால் மணி நேரம் நின்றோ நடந்தோ செய்கிற வேலையைப் பாருங்கள். காயை எடை போடுவது, ஆட்களை வரி பிரித்து விடுவது, எதுவானாலும் சரி. குனிகிற வேலை பிறகு.

சாப்பாட்டின் அளவைப் பாதியாக்கி வேளையை இரண்டு மடங்காக்குங்கள். ஜீப் ஏறும் முன் இரண்டு இட்லி, எட்டரைக்கு ஒரு டம்ளர் கஞ்சி, பதினொன்றுக்குக் குழைந்த ரசம் சோறு, இப்படி. நைசாக மசிந்த உணவு வயிற்றின் அரவை வேலையை மிச்சப்படுத்தும். இன்சுலின் போடும் சர்க்கரை நோயாளிகளில் கேஸ்ட்ரோபரேசிஸ் உள்ள 56 பேருக்கு, மசித்தால் மசிகிற உணவை மட்டும் 20 வாரம் கொடுத்த ஆய்வில் குமட்டலும் நிறைவுத் தொல்லையும் தெளிவாகக் குறைந்தன. நம் இட்லி, இடியாப்பம், குழைந்த பச்சரிசிச் சோறு, மசித்த பருப்பு, முள் நீக்கி வேகவைத்த மீன் எல்லாம் அதற்கு ஒத்துப்போகிறவை. மலையில் கிடைக்கிற குண்டு மட்டை அரிசி, கப்பை, பலாக்காய், கொண்டைக்கடலை, முருங்கைச் சக்கை, இவை அரைபட நேரமெடுப்பவை. தேங்காய் எண்ணெயில் பொரித்ததும் பரோட்டாவும் எல்லாவற்றையும்விட மெதுவாக இறங்கும். கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் அது வயிற்றின் வாசலை இறுக்கச் சொல்லிவிடும். சாயங்காலம் பாரம் அதிகமானால் ராத்திரிச் சாப்பாட்டைக் கஞ்சியாகவோ மோர் சோறாகவோ கரைத்துவிடுங்கள். திரவம் அரைபடக் காத்திருக்காமல் இறங்கிவிடும். முதல் மூன்று மாதம் மட்டும் இப்படி. பிறகு பிடித்ததை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். வாழ்நாள் பத்தியம் வைத்துக்கொண்டு இன்னும் இளைத்துப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சுக்குக் காப்பி குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்களும் கேட்பீர்கள். ஃபங்ஷனல் டிஸ்பெப்சியா உள்ள 11 பேருக்கு இஞ்சிப் பொடி கொடுத்து அளந்திருக்கிறார்கள். வயிறு வேகமாகக் காலியானது, ஆனால் தொல்லை குறையவில்லை. குடிப்பதில் கெடுதல் இல்லை. அந்தச் சின்ன ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வயிறு காலியாகும் வேகத்தைப் பிடித்துக்கொண்டு நாம் ஓடுகிற ஓட்டத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு ஸ்கேன் தாளும், கோட்டயம் எண்டாஸ்கோப்பித் தாளும், அந்த மாத்திரை அட்டையும் கொண்டுபோங்கள். வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். எடையை வாரத்துக்கு ஒரு நாள், ஒரே தராசில் பார்த்து எழுதி வையுங்கள். லெவோசல்பிரைடை நிறுத்திய தேதியையும் காலண்டரில் குறித்துக்கொண்டு, கை நடுக்கம் எப்படி இருக்கிறது என்று ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள்.